"நான் தப்பா அடிக்கல, தம்பி"

2011ஆம் ஆண்டு ஆடி மாதம். மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் திண்டுக்கல் பஸ்ஸுக்காகக் காத்திருந்த அக்கா, பையைக் கால்மாட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கத் திரும்பியிருக்கிறார். மறுபடி குனிந்தபோது பை இல்லை. உள்ளே அலுவலக லேப்டாப்.

அக்கா என் உடன்பிறந்தவர் அல்ல. பெண்களுக்குச் சட்ட உதவி செய்யும் சிறிய அமைப்பு ஒன்றில் ஆலோசகராக இருந்தார். அங்கிருந்த ஐந்து கணினிகளையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. போலீஸில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்கு வந்தவர், நாற்காலியில்கூட உட்காராமல் என்னிடம் கேட்டது இதைத்தான்: "பாஸ்வேர்டு போட்டுத்தான தம்பி வச்சிருந்தோம்? வேற யாரும் தொறக்க முடியாதுல்ல?"

முடியாது என்று சொல்லியிருந்தால் அன்றிரவு அவர் தூங்கியிருப்பார். எனக்கு வாய் வரவில்லை. மேசைமேல் இருந்த இன்னொரு லேப்டாப்பை எடுத்தேன். அதிலும் அதே இயங்குதளம், அதே மாதிரி பாஸ்வேர்டு. தனக்கென்று ஓர் இயங்குதளம் உள்ள லைவ் சிடி ஒன்றைப் போட்டு அதிலிருந்து பூட் செய்தேன். யாரும் எந்தப் பாஸ்வேர்டும் கேட்கவில்லை. லேப்டாப்பின் வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், இருந்த கோப்புகள் எல்லாம் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பாஸ்வேர்டைக் கேட்பது வட்டில் இருக்கும் இயங்குதளம். அதை எழுப்பாமல் வேறோர் இயங்குதளத்தைக் கொண்டு வந்தால், கேட்பதற்கு ஆளே இல்லை. வாசலில் காவலுக்கு ஒருவர் நிற்கிறார், ஆனால் வீட்டுக்குப் பின்சுவர் கிடையாது என்பது போன்ற நிலை அது. அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப எங்கிட்ட எழுதிக் கொடுத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

திருடுபோன லேப்டாப்பில் 36 பெண்களின் வாக்குமூலங்கள் இருந்தன. மூன்று வாரம் அலைந்து ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொன்னார் அக்கா. சிலர் திட்டினார்கள், சிலர் ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர், அடித்துத் துன்புறுத்திய கணவனுக்குத் தெரியாமல் இரண்டு பிள்ளைகளோடு புது வீட்டில் இருந்தார். அந்த வீட்டு முகவரியும் கோப்பில் இருந்தது. அவர் மறுபடியும் வீடு மாற வேண்டியதாயிற்று. ஒரு டாடா ஏஸ் வண்டியில் குக்கரையும் குடங்களையும் பிள்ளைகளின் புத்தகப் பைகளையும் ஏற்றிக் கொடுத்தவன் நான். திருடியவன் அந்தக் கோப்பைத் திறந்தானா, பாகங்களைப் பிரித்து விற்றுவிட்டுப் போனானா என்பது கடைசிவரை தெரியவில்லை. தெரியாததனாலேயே அவர் வீடு மாறினார். கணினி வேலை தெரிந்த நான் செய்யத் தவறியதற்கு விலை கொடுத்தது, கணினியைத் தொட்டே பார்த்திராத ஒரு பெண்.

*

தவறியது என்ன என்பதைச் சொல்கிறேன். வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும், வசதி அப்போதே லினக்ஸில் இருந்தது. 2004இல் வெளியான 2.6.4 கெர்னலிலேயே டிஎம்-கிரிப்ட் என்ற பகுதி சேர்ந்துவிட்டது. அதன்மேல் கிளமென்ஸ் ஃப்ரூவிர்த் வடிவமைத்த லக்ஸ் என்ற முறை வந்து, லினக்ஸ் வழங்கல்களுக்குப் பொதுவாகிப் போனது.

லக்ஸின் ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள நம் வீட்டுப் பீரோவை நினைத்துக்கொண்டால் போதும். நகை இருப்பது உள்ளே இருக்கும் லாக்கரில். லாக்கர் சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பீரோவைப் பூட்டுகிறோம். வட்டில் உள்ளதை மறைக்கும் உண்மையான சாவி, எந்த ஒழுங்கும் இல்லாமல் கணினியே உருவாக்கிய நீளமான எண். அந்தச் சாவியை நாம் தரும் கடவுத்தொடரால், அதாவது நீளமான பாஸ்வேர்டால், பூட்டி வட்டின் தலைப்பகுதியில் வைத்துவிடுகிறது லக்ஸ். பீரோவுக்கு எட்டுப் பேர் எட்டுச் சாவி வைத்துக்கொள்ளலாம் என்பது போல, அன்றைய லக்ஸில் எட்டுக் கடவுத்தொடர்கள் வரை வைக்கலாம். ஒன்றை மாற்றினால் வட்டு முழுவதையும் மீண்டும் மறையாக்க வேண்டியதில்லை. தவறான தொடர்களை மளமளவென்று போட்டுப் பார்க்க முடியாதபடி, ஒவ்வொரு முயற்சிக்கும் ஏறக்குறைய ஒரு விநாடி கணக்குப் போட வைக்கும் ஏற்பாடும் அதிலேயே இருக்கிறது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழில் பலர் என்க்ரிப்ஷனைக் குறியாக்கம் என்று எழுதுகிறார்கள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு போன்ற முறைக்கும் அதே சொல் வழங்குகிறது. இரண்டும் வேறு வேறு வேலைகள். படிப்பவருக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதால் நான் மறையாக்கம் என்றே எழுதுகிறேன்.

டெபியன் வழங்கலின் நிறுவியில் 2007 முதலே இந்த வசதி உண்டு. ஆனால் அதற்குப் போக வேண்டிய வழி, வட்டைப் பிரிப்பது பற்றிய திரைகளுக்குள் இருந்தது. விவரம் தெரிந்தவர் தேடிப் போனால்தான் கிடைக்கும். நானும் தேடிப் போகவில்லை. 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10 அதை எளிதாக்கியது. எல்லோரும் பயன்படுத்தும் வரைகலை நிறுவியிலேயே, வட்டை மறையாக்கம் செய்யவா என்று கேட்கும் சின்னக் கட்டம் ஒன்று வந்தது. அதில் டிக் போட்டால் போதும்.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிடக் கவலைதான் அதிகம் வந்தது. அக்காவைப் போன்றவர்கள் இனி அந்தக் கட்டத்தை நம்புவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களால் பார்க்க முடியாது. யாராவது அவர்களுக்காகப் பார்த்துச் சொல்ல வேண்டும். வெளியீட்டுக்கு முன்னால் வரும் சோதனைப் பதிப்புகளை நிறுவிப் பார்த்துப் பிழை சொல்ல யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது திறமூல உலகின் வழக்கம். நானும் போய்ச் சேர்ந்தேன்.

*

சோதனைக்கென்று ஒரு பழைய லேப்டாப்பை ஒதுக்கினேன். 80 ஜிபி ஹார்ட் டிஸ்க். பேட்டரி செத்துப் போயிருந்தது, கரண்டில் செருகியிருந்தால்தான் ஓடும். ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டப்படும் நிறுவல் படிமத்தை முழுவதுமாக இறக்க வீட்டு இணைப்பின் வேகத்தில் மூன்றரை மணி நேரம் பிடிக்கும். நேற்றையதற்கும் இன்றையதற்கும் மாறிய துண்டுகளை மட்டும் இறக்கும் ஸெட்சிங்க் என்ற கருவி இல்லாவிட்டால் என்னால் இதில் கலந்துகொண்டே இருக்க முடியாது.

நிறுவல் முடிந்தது, மறுதொடக்கம் ஆனது, கடவுத்தொடர் கேட்டது, கொடுத்தேன், திறந்தது. பெரும்பாலான சோதனைக் குறிப்புகள் இத்தோடு முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை. கடவுத்தொடர் கேட்கிறது என்பதாலேயே வட்டு மறையாக்கப்பட்டிருக்கிறது என்று ஆகிவிடாது. ஆரப்பாளையத்தில் பையை எடுத்தவன் இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

அதனால் ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். முதலில் மறையாக்கம் இல்லாமல் நிறுவி, "வைகையில் தண்ணீர் வந்தது" என்ற வரியைப் பல ஆயிரம் முறை எழுதிய கோப்பு ஒன்றைச் சேமித்தேன். கணினியை அணைத்து, லைவ் சிடியிலிருந்து எழுப்பி, கோப்பு முறையைத் தொடாமல் வட்டின் பைட்டுகளை நேராகத் தேடினேன். வரி வந்துகொண்டே இருந்தது. பிறகு வட்டைத் துடைத்து, மறையாக்கத்தோடு நிறுவி, அதே கோப்பை எழுதி, அதே மாதிரி தேடினேன். முழு வட்டையும் படித்து முடித்த கருவி ஒன்றுமே இல்லை என்றது. பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப் போட்டுக் கண்ணால் பார்த்தேன். மறையாக்கப்பட்ட பகுதியின் தொடக்கத்தில் லக்ஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், அருகில் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையின் பெயர், கொஞ்சம் கணக்கு விவரங்கள். அதற்குப் பிறகு வட்டின் கடைசிவரை ஒழுங்கே இல்லாத எண்கள். வைகையும் இல்லை, தண்ணீரும் இல்லை. அந்த வீடு மாறிய அம்மாவின் முகம் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது.

ஒரு படி மேலே போய், கடவுத்தொடரையே வட்டில் தேடினேன். பூட் பகுதி மட்டும் மறையாக்கப்படாமல் வெளியே இருக்கும். கடவுத்தொடரைக் கேட்பதற்கான நிரல் எங்காவது இருந்தாக வேண்டுமே, அதற்காக. அந்தப் பகுதியில் தொடர் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? நிறுவி எழுதிவைத்த பதிவுக் கோப்புகளில் இருக்கிறதா? நினைவகம் நிரம்பும்போது பயன்படும் ஸ்வாப் இடம் மறையாக்கத்துக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? ஸ்வாப் வெளியே இருந்தால், திறந்து வைத்திருந்த கடிதத்தின் துண்டுகள் அங்கே அப்படியே எழுதப்பட்டுவிடும். டெபியன் நிறுவி இதை அறிந்து, மறையாக்கப்படாத ஸ்வாப் ஓடிக்கொண்டிருந்தால் மேலே போக மறுத்துவிடும். இவற்றை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதி, பார்த்து, டிக் போட்டேன்.

*

அந்த ஆண்டின் மின்வெட்டைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மதுரையில் ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத நாட்கள் பல. எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் இரண்டு விசிறிக்கும் ஒரு விளக்குக்கும்தான் தாங்கும்.

மறையாக்கத்தைத் தேர்ந்தெடுத்ததும் வட்டின் காலி இடத்தையும் மேலெழுதவா என்று நிறுவி கேட்கும். ஆம் என்றால் வட்டு முழுவதும் ஒழுங்கில்லாத எண்களால் நிரப்பப்படும். என் பழைய லேப்டாப்பில் அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். கரண்ட் வந்தவுடன் தொடங்கினாலும் முடிவதற்குள் போய்விடும். முதல் இரண்டு முறை எரிச்சலாக இருந்தது. மூன்றாம் முறை போனபோதுதான், இதையே ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. நம் ஊரில் நிறுவுகிற எல்லோருக்கும் இதுதானே நடக்கப் போகிறது?

கரண்ட் வந்ததும் லைவ் சிடி போட்டு வட்டைத் தேடினேன். முன்பாதி நிரம்பியிருந்தது. பின்பாதியில், வட்டைத் துடைத்த பிறகு மறுபடி மறையாக்கம் இல்லாமல் நிறுவியபோது நான் எழுதியிருந்த வைகை வரிகள் அப்படியே இருந்தன. அப்போது சேமித்த படங்கள்கூட இருந்தன. அடுத்து, மேலெழுத வேண்டாம் என்று சொல்லி வேகமாக நிறுவிப் பார்த்தேன். அதிலும் அப்படியே. புதிதாக எழுதப்படுவது மறைக்கப்படுகிறது. ஆனால் ஏற்கெனவே எழுதிக் கிடந்தது, அந்த இடத்தின்மேல் வேறொன்று எழுதப்படும்வரை பழையபடியே கிடக்கிறது.

இது நிறுவியின் பிழை இல்லை, வட்டின் இயல்பு. ஆனாலும் அக்காவின் அலுவலகத்துக்கு இது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். பல வருடம் வாக்குமூலங்கள் சேமித்த லேப்டாப்பில் மறையாக்கத்தோடு புதிதாக நிறுவிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைத்திருப்போம். பழைய வாக்குமூலங்கள் வட்டின் பின்பாதியில் திறந்து கிடந்திருக்கும். அதற்குப் பிறகு எந்தப் பழைய கணினிக்கும், முழுவதையும் மேலெழுதி முடித்த பின்புதான் நிறுவுகிறேன், இரவு முழுக்க ஆனாலும் சரி. இப்போதைய எஸ்எஸ்டி வட்டுகளில் மேலெழுதினாலும் சில பகுதிகள் தப்பிவிடலாம். அங்கே பாதுகாப்பான வழி, வட்டு புதிதாக இருக்கும்போதே மறையாக்கத்தோடு தொடங்குவது.

*

அடுத்தது தமிழ். நிறுவலைத் தமிழிலேயே செய்ய முடிகிறதா என்பது என் மனதுக்கு நெருக்கமான சோதனை. டெபியனில் தமிழில் நிறுவ வரைகலை நிறுவிதான் வழி, வெறும் எழுத்துத் திரையில் தமிழ் வராது. சரி, கடவுத்தொடரையும் தமிழில் வைத்தால் என்ன? பிறமொழிக்காரன் யாரும் ஊகிக்க முடியாதே என்று ஆசையாக இருந்தது.

வட்டில் தனியாக ஒரு சிறு பெட்டகம் உருவாக்கி, "கொற்றவை" என்ற சொல்லில் தொடங்கும் தொடரை வைத்துப் பார்த்தேன். ஒரு விசைப்பலகையில் அடித்துப் பூட்டினேன். வேறொரு விசைப்பலகைக்கு மாறி அதே தொடரை அடித்தேன். திறக்கவில்லை. இரண்டையும் ஒரு கோப்பில் அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிந்தது.

ஹெக்ஸ்டம்ப் போட்டபோதுதான் விளங்கியது. யூனிகோடில் "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒன்று. ககரத்துக்குப் பின் எகரக் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாக இடுவது இன்னொன்று. ஒவ்வொரு குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். முதல் வகையில் ஒகரக் குறி 3 பைட், இரண்டாம் வகையில் 6 பைட். கண்ணுக்கு ஒரே எழுத்து, கணினிக்கு இரண்டு. தேடுபொறியோ சொற்செயலியோ இரண்டையும் ஒன்றாக்கிக் கொள்ளலாம். மறையாக்கம் ஒன்றாக்காது. ஒரு பிட் மாறினாலும் வேறு சாவி. மேலும், கணினி எழும்பும்போது கடவுத்தொடர் கேட்கும் தொடக்கத் திரையில், நான் சோதித்த எதிலும் தமிழில் அடிக்க வழி இருக்கவில்லை. தமிழில் பூட்டிவிட்டால் திறக்கவே முடியாமல் போகும்.

லக்ஸை அமைக்கப் பயன்படும் கிரிப்ட்செட்டப் கருவியின் ஆவணமும் அடிப்படை ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகளோடு நிறுத்திக்கொள்ளும்படிதான் அறிவுறுத்துகிறது. ஆகவே தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுவது என்று முடிவு செய்தேன். பாட்டி வீட்டுத் திண்ணை, அம்மியின் நிறம், முதல் சைக்கிளை விற்ற மாமா என்று ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்தாறு சொற்கள். எல்லோருக்கும் தெரிந்த குறளும் சினிமாப் பாட்டும் வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்தது திருடனுக்கும் தெரியும்.

*

இத்தனையும் நானே செய்த சோதனைகள். உண்மையான சோதனை அக்கா உட்கார்ந்த அன்றுதான் நடந்தது.

வேறொரு வழங்கலின் சோதனைப் பதிப்பு அது. பெயர் வேண்டாம், பிழையை அவர்கள் ஒப்புக்கொண்டு சரிசெய்தும் விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவை அழைத்து, "நீங்களே நிறுவுங்கக்கா, நான் பக்கத்துல இருக்கேன், பேச மாட்டேன்" என்று சொன்னேன். ஒவ்வொரு திரையையும் நிதானமாகப் படித்தார். விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கும் திரையில் அமெரிக்க ஆங்கிலம், பிரிட்டன் ஆங்கிலம் என்று இரண்டு இருந்தன. நாம் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் இங்கிலீஷ்தானே என்று அதையே எடுத்தார். எனக்கு அது ஒன்றும் தவறாகப் படவில்லை. மறையாக்கக் கட்டத்தில் டிக் போட்டார். யோசித்து யோசித்து ஒரு தொடர் வைத்தார், நடுவில் அட் குறி ஒன்று. இரண்டு முறை அடித்தார், இரண்டும் பொருந்தின. நிறுவல் முடிந்தது.

மறுதொடக்கம். கடவுத்தொடர் கேட்டது. அடித்தார். தவறு என்றது. மீண்டும் அடித்தார். தவறு. மூன்றாம் முறை ஒவ்வோர் எழுத்தாக, விரலால் தொட்டுத் தொட்டு அடித்தார். தவறு. என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நான் தப்பா அடிக்கல, தம்பி."

இந்தத் தொழிலில் பல வருடம் இருந்த எனக்கு, மனதுக்குள் முதலில் வந்த எண்ணம் அவர் தவறாகத்தான் அடித்திருப்பார் என்பதே. கேப்ஸ் லாக் பார்த்தேன். நானே அடித்துப் பார்த்தேன். மாலை வரை முயன்றோம். அவர் வீட்டுக்குப் போன பிறகும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. அவர் தப்பாக அடிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டால், வேறு என்ன நடந்திருக்கும்?

மறுநாள் இரவுதான் பிடிபட்டது. நம் ஊர் லேப்டாப்களில் விசைகள் அமெரிக்க முறையில் அச்சிடப்பட்டிருக்கும். ஷிஃப்டை அழுத்தி இரண்டை அழுத்தினால் அட் குறி. பிரிட்டன் முறையில் அதே விசை தருவது இரட்டை மேற்கோள் குறி. நிறுவியில் பிரிட்டன் முறையைத் தேர்ந்தெடுத்ததால், அக்கா அட் குறி என்று நினைத்து அழுத்தியது மேற்கோள் குறியாகப் பதிந்திருக்கிறது. திரையில் புள்ளிகள்தானே தெரியும்? இரண்டு முறையும் ஒரே மாதிரி அழுத்தியதால் பொருந்தியும்விட்டது. ஆனால் தொடக்கத் திரைக்கு அக்காவின் தேர்வு போய்ச் சேரவில்லை. அது அமெரிக்க முறையிலேயே இருந்தது. அங்கே அதே விசை உண்மையான அட் குறியைத் தந்தது.

அட் குறி வரும் இடத்தில் அமெரிக்க முறைப்படி மேற்கோள் குறிக்கான விசையை அழுத்தினேன். வட்டு திறந்தது. இரவு பதினொன்றரை மணி. அக்காவுக்குப் போன் போட்டு, "நீங்க தப்பா அடிக்கலக்கா" என்றேன். "அதத்தான நேத்தே சொன்னேன்" என்றார்.

பிழையை விவரமாக எழுதி அனுப்பினேன். எந்தத் திரையில் எதைத் தேர்ந்தெடுத்தால், எந்த விசையை அழுத்தினால், எங்கே எப்படித் தோற்கிறது என்று படிப்படியாக. கடல் கடந்து இருந்த ஒரு நிரலாளர் அதைத் தன் கணினியில் அப்படியே செய்து பார்த்துவிட்டு உறுதி செய்தார். திருத்தமும் வந்தது. அட் குறியோ மேற்கோள் குறியோ இல்லாத தொடர்களையே நானாக வைத்துச் சோதித்த அத்தனை வாரங்களிலும் இந்தப் பிழை என் கண்ணில் படவில்லை. பயன்படுத்துபவர் ஒன்று சொன்னால், அது உண்மை என்று வைத்துக்கொண்டு தேட வேண்டும் என்பதை அக்காவிடம்தான் கற்றுக்கொண்டேன்.

*

பின்னால் வந்த ஆண்டுகள் அந்தப் பாடத்தை வலுப்படுத்தின. 2016 நவம்பரில் ஹெக்டர் மார்க்கோ, இஸ்மாயில் ரிப்போல் என்ற இரு ஆய்வாளர்கள், பல லினக்ஸ் வழங்கல்களில் கடவுத்தொடர் கேட்கும் திரையில் என்டர் விசையைச் சுமார் 70 விநாடி அழுத்திப் பிடித்தாலே ரூட் எனப்படும் முழு அதிகாரத்தோடு ஒரு கட்டளைத் திரை கிடைத்துவிடுகிறது என்று காட்டினார்கள். மறைத்த கோப்புகள் திறக்கவில்லை என்றாலும், வெளியே இருக்கும் பூட் பகுதியில் எதை வேண்டுமானாலும் செய்ய அது போதும். 2017இல் ஆப்பிளின் ஹை சியரா இயங்குதளத்தில், மறையாக்கிய வட்டுப் பகுதிக்குக் குறிப்புச் சொல் கேட்டால், குறிப்புக்குப் பதிலாகக் கடவுச்சொல்லையே காட்டிவிட்ட பிழை வெளியே வந்தது. 2020இல் உபுண்டு சர்வரின் நிறுவி, லக்ஸ் கடவுத்தொடரைத் தன் பதிவுக் கோப்பில் அப்படியே எழுதிவைத்தது கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. என் நோட்டில் 2012இல் நான் எழுதி டிக் போட்ட அதே கேள்விதான் அது.

இந்த மூன்றிலும் ஏஇஎஸ் உடையவில்லை. கணிதம் தன் வேலையைச் சரியாகச் செய்தது. தவறியது எல்லாம் நிறுவும் நேரத்தில், கேட்கும் திரையில், எழுதிவைக்கும் கோப்பில். அதனால்தான் நிறுவலைச் சோதிக்கும் வேலையை நான் சின்ன வேலையாக நினைப்பதில்லை. பெரிய அறிஞர்கள் உருவாக்கிய பூட்டு, சாதாரண மனிதர் கைக்கு வந்து சேரும் இடம் அதுதான்.

*

பூட்டு திருடனுக்குத் திறக்கக்கூடாது என்பது பாதி. உரியவருக்குத் திறந்தாக வேண்டும் என்பது மறுபாதி. அதை 2021 மே மாதம் நேரில் பார்த்தேன்.

கொரோனா இரண்டாம் அலை. அக்கா மூச்சுத் திணறி மருத்துவமனையில் இருந்தார். பேசும் நிலையில் இல்லை. அதே வாரத்தில் ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பு உத்தரவு கேட்டு மனு போட வேண்டியிருந்தது. அவர் கொடுத்த வாக்குமூலமும் காயங்களின் படங்களும் அக்காவின் லேப்டாப்பில். வட்டு முழுவதும் மறையாக்கப்பட்டது. அதை அமைத்தவன் நான்.

லக்ஸில் ஒன்றுக்கு மேற்பட்ட கடவுத்தொடர் வைக்கலாம் என்று சொன்னேனே. இரண்டாம் தொடர் ஒன்றை அக்காவே காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அமைப்பின் வக்கீலம்மா வீட்டுப் பீரோவில் வைத்திருந்தார். வைக்கும்போதே என்னிடம், "நான் இல்லாட்டியும் பிள்ளைக காகிதம் கிடைக்கணும் தம்பி" என்று சொல்லியிருந்தார். வக்கீலம்மா உறையைப் பிரித்துப் போனில் படிக்க, முகக்கவசத்தோடு நான் அடித்தேன். அட் குறி இல்லாத தொடர். முதல் முறையிலேயே திறந்தது. மனு மறுநாள் போனது. அக்கா பதினேழாம் நாள் வீடு திரும்பினார்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது மற்றவர்களின் இரகசியத்தைக் கணினியில் வைத்திருந்தால், அவர் மருத்துவரோ ஆசிரியரோ செய்தியாளரோ வட்டிக்கடைக்காரரோ யாராக இருந்தாலும், என் வேண்டுகோள் இது. வட்டை மறையாக்கம் செய்யுங்கள். செய்த அன்றே கணினியை முழுதாக அணைத்து, மறுபடி எழுப்பி, உங்கள் கையால் தொடரை அடித்துத் திறந்து பாருங்கள். இரண்டாம் தொடர் ஒன்றை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, அதையும் ஒருமுறை அடித்துத் திறந்து பாருங்கள். லக்ஸ் தலைப்பகுதி கெட்டால் சரியான தொடர் தெரிந்தாலும் வட்டு திறக்காது, ஆகவே அதற்கு ஒரு பிரதி எடுத்துப் பென் டிரைவில் தனியே வையுங்கள். கோப்புகளுக்கும் வேறொரு மறையாக்கிய வட்டில் பிரதி இருக்கட்டும். பயணத்தின்போது அணைக்காமல் லேப்டாப்பை மூடி மட்டும் வைத்தால் சாவி நினைவகத்திலேயே இருக்கும். பஸ் ஏறுவதற்கு முன் முழுதாக அணைத்துவிடுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். அந்தக் காலைப் பொழுதை 2011க்கு முன்னால் நான் ஒதுக்கியிருந்தால், ஒரு பெண் தன் பிள்ளைகளின் புத்தகப் பைகளை டாடா ஏஸில் ஏற்றியிருக்க வேண்டியதில்லை.